கட்டணத்தில் அடங்குபவை

அம்மாவின் பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு அடியில், நான்காக மடித்த ஒரு நோட்டீஸ் இருக்கிறது. முன்பக்கம் காசியின் படித்துறை. பின்பக்கம் இரண்டு பட்டியல்கள். ‘கட்டணத்தில் அடங்குபவை’ என்ற தலைப்பின் கீழே ரயில் டிக்கெட், தங்கும் அறை, மூன்று வேளை நம்மூர் சைவச் சாப்பாடு, இரண்டு வேளை காபி, உள்ளூர் பஸ், கூட வரும் மேனேஜர். ‘அடங்காதவை’ என்பதன் கீழே திதி, பூஜைச் செலவு, படகு, ஆட்டோ, போர்ட்டர் கூலி, நுழைவுச்சீட்டு, துணி வெளுப்பு. எல்லாவற்றுக்கும் அடியில், இன்னும் பொடி எழுத்தில், மருத்துவச் செலவு அவரவர் பொறுப்பு என்று ஒரு வரி.

பணம் கட்டுவதற்கு முன் அந்தத் தாளை மூன்று தடவை படித்தேன். மூன்று தடவையும் இடப்பக்கத்தை மட்டும்தான் படித்திருக்கிறேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

அப்பா போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அம்மாவுக்கு அறுபத்தாறு வயது. மன்னார்குடியை விட்டு அவள் போன அதிக தூரம் திருப்பதி. “கங்கையில ஒரு முழுக்குப் போட்டுட்டு, உங்கப்பா பேரைச் சொல்லி ஒரு விளக்கு விட்டுட்டு வந்துட்டா போதும்டி” என்று ஒவ்வொரு அமாவாசைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். தம்பி சிங்கப்பூரில். எனக்கு அலுவலகத்தில் கணக்கு முடிக்கும் மாதம், வீட்டில் பிளஸ் டூ படிக்கும் பையன். தெரிந்தவர்கள் போய்வந்த ஒரு டிராவல்ஸில் ஒன்பது நாள் காசி, கயா, பிரயாகை யாத்திரைக்குப் பணம் கட்டினேன். கட்டி முடித்தபோது மனசு லேசானது. அம்மாவுக்கு ஒரு யாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். அவளோடு போயிருக்கவேண்டிய நான், அந்தப் பணத்தைக் கொடுத்து எனக்கொரு விடுப்பு வாங்கியிருந்தேன் என்பதுதான் உண்மை.

இந்த மாதிரி ஏற்பாடுகளைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. சென்னை சென்ட்ரலில் கங்கா காவேரி எக்ஸ்பிரஸில் ஏற்றிவிடப் போனபோது அந்தக் கூட்டத்தைப் பார்த்தேன். நாற்பத்து மூன்று பேர். முப்பதுக்கும் மேல் பெண்கள், அவர்களில் பாதிப்பேர் துணையில்லாமல் வந்தவர்கள். ஒருத்திக்கும் இந்தி தெரியாது. செல்போனில் பச்சைப் பொத்தானையும் சிவப்புப் பொத்தானையும் தவிர வேறெதையும் தொடாதவர்கள். டிக்கெட் எடுப்பது, அறை பிடிப்பது, ஆட்டோக்காரரிடம் பேரம் பேசுவது என்று ஒவ்வொன்றாக இவர்களிடம் விட்டிருந்தால் ஒருவரும் விழுப்புரத்தைத் தாண்டியிருக்க மாட்டார்கள். காசி அவர்களுக்குக் காலண்டர் படமாகவே இருந்திருக்கும். எல்லாவற்றையும் ஒரே தொகைக்குள் கட்டிக்கொடுக்கும் ஒருவர் வந்தபிறகுதான் அவர்கள் வாசல்படி இறங்கினார்கள்.

மூன்றாம் நாள் இரவு அம்மா பேசினாள். பிரயாகையில் தங்கியிருந்தார்கள். திரிவேணியைப் பற்றிச் சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் சாப்பாட்டைப் பற்றிச் சொன்னாள். “உக்காந்த இடத்துல இலையப் போட்டு, சுடச்சுட சாம்பார் ஊத்தறாங்கடி. பரிமாறுற பையன், இன்னும் கொஞ்சம் போட்டுக்கங்கம்மாங்கறான்.” நாற்பத்தைந்து வருஷம் அடுப்படியில் நின்றவள். எங்கள் வீட்டில் அவளிடம் இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ளச் சொன்னவர் யாருமில்லை. எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, மிச்சம் இருப்பதைப் பார்த்து, தன் பசியை அதற்குத் தக்கபடி வைத்துக்கொள்ளப் பழகியவள். பந்தியில் உட்கார்ந்து இரண்டாம் தடவை சாம்பார் வாங்கியது அவளுக்குத் திரிவேணிக்குச் சமமான செய்தியாக இருந்தது. எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

‘எல்லாம் உட்பட’ என்று விற்கும்போது ஒவ்வொரு சமூகமும் எதை எல்லாம் என்று நினைக்கிறது என்பது தெரிந்துவிடுகிறது. 1950-இல் ஜெரார்ட் பிளிட்ஸ் என்ற பெல்ஜியக்காரர் மயோர்க்கா தீவில் கூடாரங்களைப் போட்டு ‘கிளப் மெட்’ என்ற விடுமுறைக் குடியிருப்பைத் தொடங்கினார். போர் முடிந்து ஐந்தே வருஷம். ஐரோப்பாவில் பலருக்கும் பங்கீட்டு அட்டையும் இடிபாடுகளும் நினைவிலிருந்து போகாத நேரம். அவருடைய ‘எல்லாம்’ என்பது கடல், வெயில், விளையாட்டு, வயிறு நிறைய உணவு. பணப்பையைத் தொடாமல் சில நாள் வாழ்வதுதான் அதன் ஈர்ப்பு. மதுவுக்குக்கூடப் பிற்பாடு காசுக்குப் பதில் கோத்த பாசிமணிகளைக் கொடுத்தார்கள். நம்முடைய நோட்டீஸில் கடலும் இல்லை, மதுவும் இல்லை. சமையல்காரர் உடன் வருவார் என்ற வரிதான் தடித்த எழுத்தில் இருக்கிறது. வெளியூரில் நம் பெரியவர்களை முதலில் பயமுறுத்துவது பாஷை இல்லை, சாப்பாடு. கடுகெண்ணெய் வாசனையும் மூன்று வேளை ரொட்டியும் அவர்களைப் பாதி வழியிலேயே திருப்பிவிடும். டிராவல்ஸ்காரர்கள் அந்தப் பயத்தை அறிந்து அண்டாவையும் இட்லித் தட்டையும் காசிக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

தூக்கிக்கொண்டு போவது புதிதில்லை. சென்னை உச்ச நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஏனுகுல வீராசாமி 1830-இல் காசிக்குப் புறப்பட்டார். குடும்பம், உறவு, வேலையாட்கள் என்று சுமார் நூறு பேர். திரும்பிவர ஓராண்டுக்கு மேலாயிற்று. போகிற வழியெல்லாம் தெலுங்கில் நாட்குறிப்பு எழுதினார். ஊருக்கு ஊர் என்ன தூரம், எங்கே தண்ணீர் நல்லது, எங்கே சாமான் கிடைக்கும், தங்க இடம் உண்டா என்று அடுத்து வருபவர்களுக்காகக் குறித்துவைத்தார். அவருக்குப் பத்து வருஷத்துக்கு முன், 1820-இல், தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி சென்ற காசி யாத்திரையில் பரிவாரம் மூவாயிரம் பேர் என்கிறார்கள். வசதி இருந்தவர்கள் ஊரையே கூட்டிக்கொண்டு போனார்கள். இல்லாதவர்கள் சொத்தைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக்கொடுத்துவிட்டு, திரும்பி வருவோம் என்ற நினைப்பில்லாமல் நடந்தார்கள் என்று எங்கள் பாட்டி சொல்வாள். அந்த நடையை இரண்டு இரவு ரயில் பயணமாகச் சுருக்கியிருக்கிறோம். வழியில் உடம்பு முடியாமல் போவது மட்டும் சுருங்கவில்லை.

ஆறாம் நாள் அவர்கள் கயாவில் இருந்தார்கள். காசியிலிருந்து சுமார் 250 கிலோமீட்டர், பஸ்ஸில் போனார்கள். பகலில் அம்மா சந்தோஷமாகத்தான் பேசினாள். “பல்குனி ஆத்துல மணலைத் தோண்டித்தான் தண்ணி எடுக்கணும்பாங்களேடி, இங்க தண்ணி நிக்குது.” ஆற்றின் குறுக்கே 2022-இல் ரப்பர் தடுப்பணை கட்டியபிறகு விஷ்ணுபாதக் கோயிலின் எதிரே தண்ணீர் தேங்குகிறது. அம்மா கேட்டு வளர்ந்த கதையில் அந்த ஆறு மண்ணுக்கு அடியில் மறைந்து ஓடுவது.

ராத்திரி பதினொன்றரைக்கு மறுபடி போன் வந்தது. கூட வந்தவர்களில் ஒரு அம்மா, புதுக்கோட்டைப் பக்கம், எழுபத்தொரு வயது, தனியாக வந்தவர். மத்தியானத்திலிருந்து வயிற்றுப்போக்கு, பிறகு காய்ச்சல். எழுந்து உட்கார முடியவில்லை. விடிகாலை ஐந்து மணிக்கு பஸ் காசிக்குக் கிளம்ப வேண்டும். மேனேஜருக்கு இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும். அவர் சென்னை அலுவலகத்தைக் கூப்பிட்டார். பக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வீட்டுக்காரர்களுக்குத் தகவல் சொல்லுங்கள், பஸ் நிற்க முடியாது என்று பதில் வந்தது. அந்த அம்மாவின் மகன் வளைகுடாவில். அவர் போனில் அழுதார். அங்கிருந்து அவரால் வேறு என்ன செய்ய முடியும்?

இதையெல்லாம் சொல்லிவிட்டு அம்மா, “நான் அக்காகூட இருக்கப்போறேன்” என்றாள். அந்த அம்மாவை ஐந்து நாளாகத்தான் தெரியும், அதற்குள் அக்கா.

எனக்குக் கோபம் வந்தது. “நீ ஏம்மா இருக்கணும்? அதுக்குத்தானே அவ்வளவு பணம் கட்டியிருக்கோம்?”

“அதுக்குப் பணம் கட்டலியேம்மா. அந்தத் தாளை எடுத்துப் பாரு.”

அவள் அதைப் படித்திருக்கிறாள். இரண்டு பக்கத்தையும் படித்திருக்கிறாள்.

கயாவில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இரண்டு ராத்திரி. குளுகோஸ் ஏற்றினார்கள். உடம்பில் நீர் வற்றிப்போயிருக்கிறது, இன்னும் அரைநாள் விட்டிருந்தால் கஷ்டம் என்று டாக்டர் சொன்னாராம். சொன்னதைத் தமிழில் சொன்னது பரிமாறுகிற அந்தப் பையன். வேதாரண்யத்துப் பக்கம், இருபத்திரண்டு வயது, சமையல் உதவியாளாகப் பலமுறை வடக்கே வந்து கொஞ்சம் இந்தி பழகியவன். அவனை இருக்கச் சொன்னது அலுவலகம் இல்லை, சமையல் மாஸ்டர். “நீ இருடா, நான் பாத்துக்கறேன்” என்று சொல்லிவிட்டு அவர் நாற்பது பேருக்கு ஒற்றை ஆளாகச் சமைக்கக் காசிக்குப் போனார். அன்றைக்குச் சாயங்காலம் காசியில், ஒன்பது நாளுக்கு அடுப்படிப் பக்கமே போக வேண்டாம் என்று சந்தோஷமாக வந்திருந்த பெண்கள் ஏழெட்டுப் பேர் அரிவாள்மணையை வாங்கிக் காய் நறுக்கினார்களாம். இதை அம்மா பிறகு கேள்விப்பட்டுச் சொன்னாள். இந்த யாத்திரையில் எனக்கு மறக்காத காட்சி, நான் பார்க்காத இந்தக் காட்சிதான்.

மூன்றாம் நாள் மூவரும் ரயிலில் காசிக்கு வந்து கூட்டத்தோடு சேர்ந்துகொண்டார்கள். அன்னபூரணி சந்நிதியும் மாலை ஆரத்தியும் அம்மாவுக்குக் கிடைக்கவில்லை. கங்கை முழுக்கு முன்பே கிடைத்திருந்தது, விளக்கும் விட்டிருந்தாள். அவளுக்குக் குறையில்லை. எனக்குத்தான் குறை. ஊருக்கு வந்தபின் டிராவல்ஸுக்குப் போய்ப் பேசினேன். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் மரியாதையாகவே பேசினார். ஒரு புதிய நோட்டீஸை எடுத்து, கடைசி வரியைப் பேனாவால் தொட்டுக் காட்டினார்.

நெடுநாள் அந்தப் பேனா முனையை யோசித்திருக்கிறேன். தாளின்படி அவர் சொன்னது சரி. பஸ்ஸைக் கிளப்பிய மேனேஜர் செய்ததும் சரி. நாற்பது பேருக்கு உறுதியான ரயில் டிக்கெட் இருந்தது, ஒருவருக்காக அத்தனை பேரையும் நிறுத்த அவரால் முடியாது. தனித்தனியே பார்த்தால் யாரையும் குற்றம் சொல்ல வழியில்லை. ஆனால் எல்லாரும் அவரவர் வேலையைச் சரியாகச் செய்ததன் முடிவு, பாஷை தெரியாத ஊரில் காய்ச்சலோடு ஒரு கிழவி தனியாகக் கிடப்பது. அது நடக்காமல் தடுத்தது கட்டணத்தில் அடங்காத மூன்று பேர். சிக்கல் மனிதர்களிடம் இல்லை, பட்டியலில் இருக்கிறது. அதில் அடங்கும் ஒவ்வொன்றும் நல்ல நாளுக்கு உரியது. காபி, அறை, பஸ், தரிசனம் எல்லாமே உடம்பு நன்றாக இருக்கிறவருக்கு. கெட்ட நாள் ஒன்று வந்தால் என்ன என்பதற்கு அதில் இருக்கும் ஒரே பதில், அவரவர் பொறுப்பு.

எப்போதும் இப்படித்தானா என்று தேடினேன். இல்லை. தஞ்சாவூரிலிருந்து இராமேசுவரம் போகும் வழியில் மராட்டிய மன்னர்கள் சத்திரங்கள் கட்டினார்கள். காசிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே நடப்பவர்கள் தங்கிப் போவதற்கு. ஒரத்தநாட்டில் சரபோஜி முத்தம்பாள் என்பவர் பெயரில் எழுப்பிய சத்திரம், மன்னார்குடிக்காரர்களான எங்களுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. 1801-இல் சரபோஜி ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு இந்தச் சத்திரங்களைப் பற்றி ஒரு கடிதம் எழுதினார். சத்திரங்களின் வருமானத்துக்கு ஆபத்து வந்துவிடக் கூடாதென்ற கவலையில் எழுதியது. வருபவர்களுக்குச் சோறு போடுவதைச் சொல்லிவிட்டு அதோடு அவர் நிறுத்தவில்லை. வழியில் நோயுற்று வருபவருக்கு மருத்துவர் வைத்துப் பார்ப்பது, குணமாகும்வரை பராமரிப்பது, கர்ப்பிணிகளுக்குப் பிரசவம் பார்ப்பது, இறந்துபோனால் அவரவர் வழக்கப்படி இறுதிச் சடங்கு செய்வது எல்லாம் சத்திரத்தின் கடமை என்று விவரிக்கிறார். சோற்றுக்கு இணையாக நோயும் பிரசவமும் மரணமும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. வழிப்போக்கனுக்கு உடம்பு என்று ஒன்று உண்டு, அது எந்த ஊரிலும் விழக்கூடும் என்று தெரிந்த ஒருவர் எழுதிய பட்டியல் அது.

அந்தக் காலத்தை ஏக்கத்தோடு மட்டும் பேசக் கூடாது. சத்திரத்தில் சாதிக்கொரு பந்தி இருந்தது, எல்லாருக்கும் ஒரே திண்ணை கிடைக்கவில்லை. இன்றைய யாத்திரைப் பந்தியில் என் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது யார் என்று யாரும் கேட்கவில்லை. அது பெரிய விஷயம், அதைக் கொண்டுவந்ததில் இந்த ஒரே கட்டண ஏற்பாட்டுக்கும் பங்குண்டு. ஆனால் சத்திரத்திலிருந்து எதை விட்டுவிட்டு வந்தோமோ அதில், விட்டிருக்கக் கூடாத ஒன்றும் சேர்ந்து போய்விட்டது.

கெட்ட நாள் காய்ச்சலாக மட்டும் வருவதில்லை. 2023 ஆகஸ்ட் 26, விடிகாலை ஐந்தேகால் மணி சுமாருக்கு, மதுரை ரயில் நிலையம் அருகே நிறுத்திவைத்திருந்த ஒரு சுற்றுலாப் பெட்டி தீப்பிடித்தது. லக்னோவிலிருந்து தென்னகத் தலங்களைப் பார்க்க மொத்தமாக வாடகைக்கு எடுத்து வந்த பெட்டி. விதியை மீறி உள்ளே கொண்டுவந்திருந்த எரிவாயு உருளையால் வந்த தீ. காலைத் தேநீருக்கு அடுப்பைப் பற்றவைத்தபோது நடந்தது. ஒன்பது பேர் இறந்தார்கள்.

அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு முதலில் தோன்றியது நம் நோட்டீஸின் தடித்த எழுத்து வரி. சமையல்காரர் உடன் வருவார். அவர்களுக்கு நம் சாம்பார் சாதம் ஒத்துக்கொள்ளாது என்ற பயம், நமக்கு அவர்கள் ரொட்டி ஒத்துக்கொள்ளாது என்ற அதே பயம். அவர்கள் ஊரிலும் ஒரு டிராவல்ஸ்காரர், நம்மூர்ச் சாப்பாடு கட்டணத்தில் அடங்கும் என்று சொல்லியிருப்பார். வயதான பெண்கள் அதைக் கேட்டுத்தான் தைரியமாகப் புறப்பட்டிருப்பார்கள். விடியற்காலையில் ஒரு வாய் சூடான தேநீர். எவ்வளவு சின்ன ஆசை. ரயிலில் எரிவாயு உருளையை ஏற்றக் கூடாது என்பது சட்டம். வீட்டுச் சாப்பாடு என்ற வாக்கைக் காப்பாற்ற அந்தச் சட்டத்தை உடைத்திருக்கிறார்கள். அடுப்பு எங்கே எரிகிறது, யார் கண்காணிக்கிறார்கள் என்று பணம் கட்டும்போது யாரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. எங்கள் கூட்டம் ரயிலில் புளியோதரையும் தயிர்சாதமும் பொட்டலமாகச் சாப்பிட்டது, அடுப்பு தங்கும் இடத்தில்தான் எரிந்தது என்பதை அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

பயணத்தை ஒரே விலைக்குள் கட்டி விற்பதற்கு முன்னோடி என்று உலகம் சொல்வது தாமஸ் குக்கை. 1841 ஜூலை 5-ஆம் தேதி இங்கிலாந்தின் லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்கு, மதுவிலக்குக் கூட்டத்துக்காக, தலைக்கு ஒரு ஷில்லிங் வாங்கிக்கொண்டு சுமார் 500 பேரை ரயிலில் கூட்டிப்போனார். பதினொரு மைல் தூரம். அந்தப் பெயரில் வளர்ந்த நிறுவனம் 178 ஆண்டுகள் கழித்து, 2019 செப்டம்பர் 23-இல், ஒரே இரவில் மூடப்பட்டது. அன்று அதன் பிரித்தானிய வாடிக்கையாளர்கள் ஒன்றரை லட்சம் பேர் வெளிநாடுகளில் இருந்தார்கள். விற்றவர் இல்லை, வாங்கியவர் கடல் தாண்டி நிற்கிறார். அவர்களைத் தவிக்க விடவில்லை. அந்நாட்டு விமானப் போக்குவரத்து ஆணையம் விமானங்களை வாடகைக்கு எடுத்து அவர்களைத் திருப்பிக் கொண்டுவந்தது. போர் இல்லாத காலத்தில் அந்த நாடு நடத்திய மிகப் பெரிய மீட்பு அது என்றார்கள்.

அதற்கு வழி எங்கிருந்து வந்தது? 1970-களிலிருந்து அங்கே விமானப் பயணத் தொகுப்பு விற்பவர்களுக்கென்று ஒரு காப்பு ஏற்பாடு இருக்கிறது. விற்கிற ஒவ்வொரு பயணத்துக்கும் தலைக்கு இரண்டரை பவுண்டு ஒரு பொதுநிதிக்குப் போகும். விற்றவர் நொடித்தால் அந்த நிதி பயணியை வீட்டில் சேர்க்கும். இரண்டரை பவுண்டு, ஒரு காபி விலை. ஐரோப்பாவிலும் 1990-இல் தொகுப்புப் பயணத்துக்கென்றே சட்டம் வகுத்தார்கள், 2015-இல் அதைத் திருத்தி விரிவாக்கினார்கள். பயணி இக்கட்டில் மாட்டினால் தாமதமில்லாமல் உதவ வேண்டியது ஏற்பாட்டாளரின் கடமை என்று அதில் இருக்கிறது. மருத்துவ வசதி எங்கே என்று சொல்வது, தூதரகத்தைத் தொடர்புகொள்ள வைப்பது, மாற்று ஏற்பாடு தேட உதவுவது வரை. தாளில் அடங்காது என்று அச்சிட்டுவிட்டு விலகிக்கொள்ள முடியாத கடமை.

நம் நாட்டில் பயணத் தொகுப்புக்கென்று அப்படி ஒரு தனிச் சட்டம் இல்லை. மத்திய சுற்றுலாத் துறையின் அங்கீகாரம் விரும்பினால் வாங்கிக்கொள்ளலாம், வாங்காமலும் தொழில் செய்யலாம். 2019-இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம், இழப்பீடு கிடைக்கலாம். ஆனால் எல்லாம் முடிந்து ஊர் வந்த பிறகு. கயாவில் அந்த ராத்திரி கட்டிலருகே உட்கார ஒரு ஆளை எந்த ஆணையமும் அனுப்பாது.

இன்ஷூரன்ஸ் உண்டே என்று பலர் கேட்டார்கள். ரயில் டிக்கெட்டோடு சில காசுகளுக்குக் கிடைக்கும் காப்பீடு, ரயில் விபத்தில் இறந்தால் பத்து லட்சம் தரும், காயமடைந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் இரண்டு லட்சம் வரை தரும். ரயில் தடம்புரள வேண்டும். வயிற்றுப்போக்கு அதில் வராது. எழுபது வயதுக்காரர்கள் ஊர் மாறி, தண்ணீர் மாறி, நேரத்துக்குத் தூங்காமல், அதிகாலைக் குளிரில் ஆற்றில் முங்கி எழும் ஒரு யாத்திரையில், ரயில் கவிழ்வதைவிடக் காய்ச்சல் வருவதுதான் நடக்கக்கூடியது. அதற்கு ஏற்பாடு இல்லாமல் ‘எல்லாம்’ என்று எழுதுவதற்கு மனசு கூச வேண்டும்.

பெரிய தொகை ஒன்றும் வேண்டியதில்லை. கூட்டத்தோடு இன்னும் ஒரே ஒரு ஆள், இந்தி தெரிந்தவர், முதலுதவி தெரிந்தவர், யாருக்காவது முடியாமல் போனால் அவரோடு தங்கிவிடுவது மட்டுமே வேலை. ஒன்பது நாளுக்கு அவருடைய சம்பளம், டிக்கெட், சாப்பாடு எல்லாம் சேர்த்து 25,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 43 பேருக்குப் பகிர்ந்தால் தலைக்கு 600 ரூபாய்கூட வரவில்லை. ஏசி அறைக்கும் சாதா அறைக்கும் இடையே உள்ள வித்தியாசத்துக்கு அதைவிட அதிகமாக நான் கொடுத்தேன், யோசிக்காமல் கொடுத்தேன். நம் பெரியவர்களை அனுப்புகிற பிள்ளைகள் ஏசி உண்டா, லிப்ட் உண்டா, காபி டிகாக்ஷனா பொடியா என்று கேட்கிறோம். கேட்பது தவறில்லை. கேட்கிற கேள்விக்குத்தான் விற்பவர் பதில் தயார்செய்வார். நம்மூர்ச் சாப்பாடு உண்டா என்று ஒரு தலைமுறை விடாமல் கேட்டதால்தான் அண்டா காசிவரை போகிறது.

போன வாரம் அம்மா இராமேசுவரம் கிளம்பவேண்டும் என்றாள். காசியிலிருந்து கொண்டுவந்த கங்கைச் சொம்பு, வாய் அடைத்தபடி, பூஜை அலமாரியில் இருக்கிறது. அதை இராமநாதருக்கு அபிஷேகத்துக்குக் கொடுத்தால்தான் யாத்திரை முடிந்ததாக அர்த்தம். புதுக்கோட்டை அக்காவும் வருகிறார். இரண்டு பேரும் வெள்ளிக்கிழமை தவறாமல் போனில் பேசிக்கொள்கிறார்கள். நான் கூட வருகிறேன் என்றேன். “நீ வா, வராட்டிப் போ” என்று சொல்லிவிட்டு, வேறொரு டிராவல்ஸின் எண்ணை அவளே தேடி எடுத்து, ஸ்பீக்கரில் போட்டாள்.

ஒரு பெண் எடுத்தாள். மூன்று நாள், இருபத்திரண்டு தீர்த்தம், தனுஷ்கோடி, திருப்புல்லாணி, தங்குவது, சாப்பாடு எல்லாம் அடங்கும் என்று மூச்சுவிடாமல் சொன்னாள். அம்மா முழுவதையும் கேட்டாள்.

“எல்லாம் சரிம்மா. வழியில யாருக்காச்சும் உடம்புக்கு முடியலைன்னா, கூட யாரு இருப்பாங்க?”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, “கேட்டுச் சொல்றேம்மா” என்றாள் அந்தப் பெண். குரலில் எரிச்சல் இல்லை. யாரோ தன் பாட்டியைப் பற்றி விசாரித்ததுபோல் இருந்தது. அம்மா தன் நம்பரை ஒவ்வொரு எண்ணாகச் சொல்லி, எழுதிக்கொண்டாளா என்று கேட்டு, திரும்பச் சொல்லச் சொல்லிச் சரிபார்த்தாள்.

நான்கு நாள் ஆகிறது. அம்மா குளிக்கப் போகும்போதும் போனை ஜன்னல் திட்டில், கேட்கும்படியாக வைத்துவிட்டுப் போகிறாள்.